புராஸ்டேட் பருத்துச் சிறுநீர் தடைப்படும்போது: அறுவைச் சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புராஸ்டேட் பற்றிய ஆலோசனை பெரும்பாலும் இரண்டு தடவையாக நடக்கும். முதல் தடவை, நாற்காலியில் உட்கார்ந்து ஸ்கேன் அறிக்கையைக் காட்டிப் பேசுவது. இரண்டாவது, மனைவியையோ மகனையோ முன்னே போகச் சொல்லிவிட்டு, கதவுப் பிடியில் கை வைத்தபடி, "டாக்டர், ஒன்று கேட்க வேண்டும்" என்று குரலைத் தாழ்த்துவது. உண்மையான கேள்விகள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் வருகின்றன. இங்கே இரண்டு வகையும் இருக்கின்றன. உங்களை நேரில் பரிசோதித்த மருத்துவரின் சொல்லுக்கு இது மாற்று அல்ல. அவரிடம் போய் உட்காருவதற்கு முன் செய்துகொள்ளும் தயாரிப்பு.

புராஸ்டேட் வீக்கம் என்கிறார்களே, அது புற்றுநோயின் ஆரம்பமா?

இல்லை. சிறுநீர்ப்பையின் கழுத்துக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சுரப்பி இது. இளம் வயதில் சுமார் 20 கிராம், ஓர் அக்ரூட் கொட்டை அளவு. வயது ஏற ஏற, ஆண் ஹார்மோனின் தூண்டுதலில், குழாயை ஒட்டிய உள்பகுதி பருக்கத் தொடங்குகிறது. அறுபதை எட்டிய ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேலும் இந்த மாற்றத்தை நுண்ணோக்கியில் பார்க்கலாம். நரை விழுவதைப் போலத்தான்.

புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில் தோன்றுவது. ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை. ஆனால் ஒரே மனிதருக்கு இரண்டும் இருக்கலாம், அதற்காகத்தான் புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும், ஆசனவாய் வழியே விரலால் தொட்டுப் பார்ப்பதும். "வீக்கம்" என்ற சொல்லே பாதி பயத்தைக் கொண்டுவந்துவிடுகிறது. "பருத்தல்" என்பதே பொருத்தம்.

ஸ்கேனில் 60 கிராம் என்று வந்திருக்கிறது. உடனே ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டுமா?

அந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் கத்தியை எடுக்கக் கூடாது. 100 கிராம் சுரப்பியோடு நிம்மதியாகச் சிறுநீர் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். 35 கிராம் சுரப்பியில் நடு மடல் மட்டும் மேலே எழும்பி, சிறுநீர்ப்பையின் வாயில் மூடி போல் அமர்ந்துகொண்டு ஆளையே படுத்திவிடுவதும் உண்டு. சுரப்பியின் எடை, எந்த முறையில் செய்வது என்பதைத் தீர்மானிக்க உதவும். செய்வதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பவை உங்கள் தொந்தரவும், சிறுநீர்ப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் ஏற்பட்டிருக்கும் பாதிப்பும்.

தொந்தரவை அளக்க உலகெங்கும் ஒரே வினாத்தாள்தான் பயன்படுகிறது. அடிக்கடி போவது, அவசரமாக ஓடுவது, தாரை மெலிவது, விட்டு விட்டு வருவது, முக்கிக் கழிப்பது, மிச்சம் இருப்பதுபோல் தோன்றுவது, இரவில் எழுவது என்று 7 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 35. ஏழு வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20ம் அதற்கு மேலும் கடுமை. கடைசியில் தனியாக ஒரு கேள்வி இருக்கும்: இப்போதிருக்கும் நிலையிலேயே மீதி வாழ்நாளைக் கழிக்க வேண்டும் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அதன் விடை மொத்தத்தில் சேராது. ஆனால் என் கண் முதலில் போவது அந்த விடைக்குத்தான். 22 மதிப்பெண் வாங்கியும் "பழகிவிட்டது" என்பவர் உண்டு. 12 வாங்கிவிட்டு, பஸ்ஸில் ஏறவே பயமாக இருக்கிறது என்று உடைந்துபோகிறவரும் உண்டு.

அப்படியானால் எந்த நிலையில் தவிர்க்கவே முடியாது?

சிறுநீர் முற்றிலும் அடைத்து, கதீட்டர் என்ற சிறுநீர் வடிக்கும் குழாய் போட்டு, சில நாள் மாத்திரை கொடுத்து எடுத்துப் பார்த்தும் மறுபடி அடைத்துக்கொள்வது. திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று. சிறுநீர்ப்பைக்குள் கல். மருந்துக்கு அடங்காமல் சிறுநீரில் அடிக்கடி ரத்தம். இவற்றில் எதுவும் இல்லாவிட்டாலும், அடைப்பின் அழுத்தம் மேல்நோக்கி ஏறிச் சிறுநீரகங்கள் விரிந்து, அவை வடிகட்ட வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் உயர்ந்துவிட்டால் அதுவும்.

கடைசியாகச் சொன்னதுதான் சத்தமில்லாமல் வருவது. வலி இருக்காது. சிறுநீர்ப்பை மெதுமெதுவாக விரிந்து ஒரு லிட்டருக்கு மேல் தேங்கி நிற்கும்; தேங்கியது வழிந்து சொட்டுவதால், சிறுநீர் போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று ஆள் நினைத்துக்கொள்வார். இதன் முதல் அடையாளம் பல சமயம், எழுபது வயதுக்காரர் திடீரெனப் படுக்கையை நனைப்பது. வெட்கத்தில் அவர் சொல்ல மாட்டார். துணி துவைக்கிறவருக்குத்தான் முதலில் தெரியவரும். வீட்டில் அப்படி ஒன்று நடந்தால், மூப்பு என்று விட்டுவிடாமல் அந்த வாரமே ஒரு ஸ்கேனும் கிரியாட்டினின் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

மாத்திரையிலேயே காலம் தள்ள முடியாதா?

பலரால் முடிகிறது. மாத்திரைகளில் இரண்டு குடும்பங்கள் முக்கியம். டாம்சுலோசின், சிலோடோசின் போன்றவை சிறுநீர்ப்பைக் கழுத்தின் தசையைத் தளர்த்துகின்றன; சில நாள்களிலேயே பலன் தெரியும். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம், விந்து வெளிவருவது குறையலாம். ஃபினாஸ்டெரைடு, டூடாஸ்டெரைடு என்பவை சுரப்பியையே கொஞ்சம் சுருக்குகின்றன; அதற்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். சிலருக்குப் பாலுறவு நாட்டம் குறையும்.

மருத்துவமனைக்கு வெளியே அதிகம் பேசப்படாத இரண்டு செய்திகள். ஃபினாஸ்டெரைடு குடும்பம் பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிடும். அது தெரியாமல் அறிக்கையைப் படிப்பவர், இல்லாத நிம்மதியை உங்களுக்குக் கொடுத்துவிடுவார். டாம்சுலோசின் சாப்பிடுகிறவர் கண்புரை ஆபரேஷனுக்குப் போனால் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆபரேஷன் நடக்கும்போது கருவிழிப்படலம் தொளதொளத்துத் தொல்லை கொடுக்கும்.

ஆறு மாதம், ஓராண்டு என்று மாத்திரை சாப்பிட்டும் தாரை தேறவில்லை, மிச்சம் தேங்குவது ஏறிக்கொண்டே போகிறது என்றால், மாத்திரையை மாற்றி மாற்றிப் பார்ப்பது சிறுநீர்ப்பையின் செலவில் நடக்கிற வேலை. அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளி அதன் தசை முதலில் தடிக்கும், பிறகு தளரும். புராஸ்டேட்டை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். தளர்ந்துபோன சிறுநீர்ப்பையைத் திருப்பித் தர இதுவரை ஆபரேஷன் கிடையாது.

ஆபரேஷனுக்கு முன் என்னென்ன பரிசோதனைகள்?

சிறுநீர்ப் பரிசோதனை, கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர், கிரியாட்டினின், பி.எஸ்.ஏ., சுரப்பியின் அளவையும் கழித்த பிறகு தேங்கும் அளவையும் காட்டும் ஸ்கேன், அப்புறம் யூரோஃப்ளோ. இதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஒரு புனல், அடியில் ஓர் அளவு கருவி. அதில் தனியாக நின்று சிறுநீர் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். வினாடிக்கு எத்தனை மில்லி என்று காகிதத்தில் ஒரு கோடு வரையும். தடையில்லாதவருக்கு அது மணி கவிழ்த்ததுபோல் எழுந்து இறங்கும். அடைப்பு உள்ளவருக்கு நீளமான, தட்டையான மேடாகக் கிடக்கும். உச்ச வேகம் 15 மில்லிக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் சரி. 10க்குக் கீழே என்றால் சந்தேகம் வலுக்கும். குறைந்தது 150 மில்லியாவது கழித்தால்தான் கணக்கு செல்லும். வெளியே நர்ஸ் காத்திருக்கிறார் என்ற கூச்சத்தில் ஐம்பது மில்லியோடு வந்துவிடுகிறவர்கள் நிறைய. தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு முறை நில்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நீண்டகாலச் சர்க்கரை நோய், பக்கவாதம், பார்க்கின்சன் நோய், முதுகுத்தண்டுக் கோளாறு உள்ளவர்களுக்கு யூரோடைனமிக்ஸ் என்ற பரிசோதனையும் சொல்லப்படலாம். தாரை மெலிவதற்குக் காரணம் அடைப்பா, சிறுநீர்ப்பையே தள்ளவில்லையா என்பதைப் பிரித்துக் காட்டுவது அதுதான். தள்ளாத பைக்கு வழியை அகலமாக்கிப் பெரிய லாபம் இல்லை.

டி.யு.ஆர்.பி. என்றால் உள்ளே என்ன செய்கிறார்கள்?

சிறுநீர்க் குழாய் வழியாகவே புராஸ்டேட்டின் பருத்த சதையைச் சீவி எடுப்பதுதான் டி.யு.ஆர்.பி. வயிற்றில் வெட்டே கிடையாது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். நீங்கள் விழித்தே இருக்கலாம். ஆணுறுப்பின் துவாரம் வழியாக ரிசெக்டோஸ்கோப் என்ற விளக்கும் கேமராவும் வைத்த குழாய் உள்ளே போகும். அதன் முனையில் அரைவட்டமாக ஒரு மெல்லிய கம்பி. மின்சாரம் பாயும்போது அந்தக் கம்பி சதையை அறுத்துக்கொண்டே ரத்தக் கசிவையும் கருக்கி நிறுத்தும். தச்சர் இழைப்புளி ஓட்டும்போது மரத்திலிருந்து சீவல் சுருண்டு உதிர்வதுபோல், சுரப்பியின் சதை சீவல் சீவலாகச் சிறுநீர்ப்பைக்குள் விழும். கடைசியில் அத்தனையையும் நீரால் அலசி வெளியே எடுத்து நோய்க்குறியியல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். மொத்தம் ஒரு மணி நேரம், சற்று முன்பின்னாக.

1926இல் மாக்சிமிலியன் ஸ்டெர்ன் ரிசெக்டோஸ்கோப்பை அறிமுகப்படுத்தினார். இப்போது இது பழைய முறை என்று சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஏறக்குறைய நூறு வருடமாகப் புதிதாக வருகிற ஒவ்வொரு முறையும் இதோடுதான் தன்னை ஒப்பிட்டுக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். 30 முதல் 80 கிராம் வரையான சுரப்பிக்கு இது இன்றும் முழு மரியாதைக்குரிய சிகிச்சை.

மோனோபோலார் எனப்படும் பழைய கருவிகளில் ஒரு சிக்கல் இருந்தது. மின்சாரம் சரியாகப் பாய உப்பில்லாத கிளைசின் திரவத்தை உள்ளே ஓடவிட வேண்டும். வேலை நீண்டால் அது ரத்தத்தில் கலந்து சோடியம் இறங்கி, குழப்பம், வாந்தி, சிலருக்கு வலிப்பு வரை போகும். அதனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அறுப்பார்கள். இப்போதைய பைபோலார் கருவிகள் சாதாரண சலைனிலேயே வேலை செய்கின்றன. அந்தப் பயம் ஏறத்தாழப் போய்விட்டது. உங்களுக்குச் செய்யப்போவது மோனோபோலாரா பைபோலாரா என்று கேட்பதில் தவறே இல்லை.

30 கிராமுக்கும் குறைவான, நடு மடல் எழும்பாத சுரப்பி என்றால் சீவக்கூட வேண்டாம். சிறுநீர்ப்பைக் கழுத்தில் ஒன்றிரண்டு கீறல் போட்டுத் தளர்த்திவிட்டாலே போதும். சின்ன வேலை. வேண்டிய இடத்தில்கூட மறந்துபோகிறார்கள்.

லேசர் என்றால் எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றல்ல. விளம்பரப் பலகையில் "லேசர்" என்று ஒரே சொல்லாக இருக்கும். அதற்குள் குணத்தில் மாறுபட்ட இரண்டு வேலைகள் இருக்கின்றன.

ஹோலெப் என்பது ஹோல்மியம் லேசரால் சுரப்பியின் பருத்த பகுதியை அதன் உறையிலிருந்து முழு மடலாகப் பிரித்தெடுப்பது. ஆரஞ்சுச் சுளையைத் தோலிலிருந்து கட்டைவிரலால் நெம்புவதுபோல், உறைக்கும் பருத்த சதைக்கும் இடையிலான தளத்தில் லேசர் நகரும். பிரிந்த மடலைச் சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, மார்சலேட்டர் என்ற கருவியால் துண்டு துண்டாக்கி உறிஞ்சி எடுப்பார்கள். நியூசிலாந்தின் பீட்டர் கில்லிங்கும் அவரது குழுவினரும் 1990களில் வளர்த்தெடுத்த முறை. 40 கிராமோ 200 கிராமோ, சுரப்பியின் அளவு இதற்குத் தடையில்லை, ரத்தம் குறைவு, கதீட்டர் பெரும்பாலும் ஓரிரு நாள், திரும்ப அடைத்துக்கொள்வது அரிது. குறை கருவியில் இல்லை, கையில் இருக்கிறது. கற்றுத் தேற நீண்ட நாளாகும் வித்தை இது. மாதத்துக்கு ஒன்று செய்கிறவரிடம் ஹோலெப் செய்துகொள்வதைவிட, வாரத்துக்கு ஐந்து செய்கிறவரிடம் டி.யு.ஆர்.பி. செய்துகொள்வது மேல் என்பேன். தூலியம் லேசரிலும் இதே பிரித்தெடுப்பு நடக்கிறது. கைத்தேர்ச்சிக்கு முன் லேசரின் பெயர் பெரிய விஷயமில்லை.

கிரீன்லைட் என்கிற பச்சை லேசர் வேறு. ரத்தத்தின் சிவப்பணு நிறமி உறிஞ்சிக்கொள்ளும் 532 நானோமீட்டர் ஒளி அது. சதையைப் பிரிப்பதில்லை, ஆவியாக்கிவிடுகிறது. ரத்தக் கசிவு குறைவாக இருப்பதால், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்றது. ஆவியான சதையைப் பரிசோதனைக்கு அனுப்ப முடியாது என்பது இழப்பு, பி.எஸ்.ஏ. சந்தேகமாக இருந்தால் அதை முன்கூட்டியே தீர்த்துக்கொண்டு வர வேண்டும்.

மிகப் பெரிய சுரப்பி என்றால் வயிற்றைத் திறந்துதான் ஆக வேண்டுமா?

80 கிராமைத் தாண்டிவிட்டால் ஒரு காலத்தில் அதுதான் வழி. இந்திய மருத்துவப் பணியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டன் திரும்பிய பீட்டர் ஃப்ரேயர், அடிவயிற்றில் திறந்து, சிறுநீர்ப்பைக்குள் விரலை விட்டு, பருத்த சுரப்பியை நெம்பி எடுத்து 1901இல் எழுதினார். நியூயார்க்கில் யூஜீன் ஃபுல்லர் அதற்கு முன்பே செய்திருந்தார், பெயர் என்னவோ ஃப்ரேயருக்குப் போனது. 1945இல் டெரன்ஸ் மில்லின் சிறுநீர்ப்பையைத் தொடாமல் சுரப்பியின் உறையை நேரே திறக்கும் வழியைச் சொன்னார். இன்று ஹோலெப் செய்கிறவர் பிரிப்பதும் ஃப்ரேயரின் விரல் தேடிப்போன அதே தளத்தைத்தான்.

ஹோலெப் கைவசம் உள்ள இடத்தில் திறந்த அறுவைக்கு அவசியம் அநேகமாக இல்லை. இல்லாத இடத்தில் திறந்தோ, சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியிலோ, ரோபோ உதவியோடோ செய்யலாம். சிறுநீர்ப்பையில் பெரிய கல்லோ, அதன் சுவரிலிருந்து பிதுங்கிய பக்கப் பையோ சேர்ந்திருந்தால், எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிட இவை உண்மையிலேயே வசதி. ரத்த இழப்பும் மருத்துவமனையில் தங்கும் நாள்களும் திறந்த முறையில் அதிகம்.

வெட்டாமலே செய்கிற புதிய முறைகள் வந்திருக்கின்றனவாமே?

வந்திருக்கின்றன. அவற்றின் பெரிய கவர்ச்சி, விந்து வெளியேற்றத்தைக் காப்பாற்றுவது. அதற்குக் கொடுக்கும் விலை: பலன் கொஞ்சம் குறைவாகவும் சில சமயம் தற்காலிகமாகவும் இருப்பது.

யூரோலிஃப்ட் சதையை எடுப்பதே இல்லை. ஜன்னல் திரையை இழுத்துக் கட்டுவதுபோல், பக்க மடல்களைச் சிறு தக்கைகளால் இழுத்து ஒதுக்கி வழியைத் திறந்துவிடும். அன்றே வீட்டுக்குப் போகலாம். நடு மடல் பெரிதாக இருப்பவருக்கும் மிகப் பெரிய சுரப்பிக்கும் அவ்வளவாகப் பொருந்தாது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த முக்கிய ஆய்வில் 13.6 சதவீதம் பேருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது.

ரெசூம் என்பது நீராவி. ஊசி ஒன்றைச் சுரப்பிக்குள் செலுத்தி, இடத்துக்கு 9 வினாடி வீதம் ஆவியைப் பாய்ச்சுவார்கள். வெந்த செல்கள் இறந்து, உடம்பு அவற்றை மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்ளும். அதுவரை பொறுமை வேண்டும்: முதல் சில நாள் சுரப்பி வீங்குவதால் கதீட்டர், முழுப் பலனுக்கு மூன்று மாதம் வரை. "செய்த மறுநாளே பழையபடி ஆகிவிட்டது, ஏமாற்றிவிட்டார்கள்" என்று வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கை யாரோ சொல்லாமல் விட்டிருப்பார்கள்.

அக்வாப்ளேஷனில் ஸ்கேன் படத்தில் எல்லை குறித்துக்கொடுத்ததும், ரோபோவின் கட்டுப்பாட்டில் வேகமான நீர்த்தாரை சதையை அரித்தெடுக்கும். வெப்பமே இல்லை. பெரிய சுரப்பிக்கும் செய்யலாம். விந்து வெளியேற்றம் பெரும்பாலோருக்குத் தங்குகிறது. சூடு இல்லாததால் ரத்தக் கசிவைத் தனியே கவனிக்க வேண்டும். இதை "சின்ன சிகிச்சை" என்று எண்ணிக்கொண்டு போகக் கூடாது.

ரத்தக் குழாய் வழியாகச் சென்று சுரப்பிக்கு ரத்தம் போகும் தமனிகளை அடைத்துவிடும் எம்போலைசேஷன் இன்னொரு வழி. கதிரியக்கத் துறை நிபுணர் செய்வது, மயக்க மருந்து வேண்டாம். ஆபரேஷன் தாங்காத உடம்புக்கு நல்ல வாய்ப்பு. ஓர் உலோகக் கூடையை ஐந்து முதல் ஏழு நாள் உள்ளே வைத்து வழியை விரித்துவிட்டு எடுத்துவிடும் ஐடிண்ட் என்ற கருவியும் இருக்கிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு... தாம்பத்தியம்?

கதவுப் பிடியில் கை வைத்துக் கேட்கப்படும் கேள்வி இதுதான். நேராகவே சொல்கிறேன்.

விறைப்பு பெரும்பாலோருக்கு முன்பு இருந்தபடியே இருக்கும். விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியின் உறைக்கு வெளியே ஓடுகின்றன. நாங்கள் வேலை செய்வது உறைக்கு உள்ளே. புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுதாக எடுப்பது வேறு ஆபரேஷன். அதன் கதைகளைக் கேட்டுவிட்டு இதற்குப் பயப்பட வேண்டாம்.

மாறுவது வேறொன்று. உச்சம் வரும், உணர்வும் வரும், விந்து வெளியே வராது. சிறுநீர்ப்பைக் கழுத்து திறந்தே இருப்பதால் அது பின்னோக்கிப் பைக்குள் போய், அடுத்த முறை சிறுநீரோடு கலங்கலாக வெளியேறிவிடும். உடம்புக்கு எந்தத் தீங்கும் இல்லை. டி.யு.ஆர்.பி. செய்துகொண்டவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு மேல் இப்படி ஆகும், ஹோலெப்பிலும் அப்படித்தான். இதை ஆபரேஷனுக்கு முன்பே, மனைவியும் பக்கத்தில் இருக்கும்போது பேசிவிடுவது நல்லது. ஆபரேஷனுக்குப் பின் முதல் முறை இருட்டில் தானாகக் கண்டுபிடிக்கும் மனிதர், தனக்கு ஆண்மை போய்விட்டது என்றே முடிவுகட்டிவிடுகிறார்.

இன்னும் குழந்தை வேண்டும் என்றால்?

முதலில் விந்தணுவை உறைய வைத்துச் சேமித்துக்கொள்ளுங்கள், அல்லது விந்து வெளியேற்றத்தைக் காக்கும் முறையைக் கேட்டு வாங்குங்கள். பின்னோக்கிப் போகும் விந்தைக் கருத்தடையாகவும் நம்ப வேண்டாம்.

சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாமல் போய்விடுமா?

நிரந்தரமாகப் போவது நூறில் ஒருவர் அளவுக்கோ அதற்கும் குறைவாகவோதான். கதீட்டர் எடுத்த முதல் சில வாரங்களில் இருமினால், தும்மினால், சட்டென எழுந்தால் கொஞ்சம் கசிவது பலருக்கு உண்டு. ஹோலெப்புக்குப் பிறகு சற்று அதிகம். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்பிருந்தே பழகிக்கொண்டால் சீக்கிரம் தேறும். காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் சுருக்கி, ஐந்து வினாடி பிடித்து விடுவது. வயிற்றை எக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறேன், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். செய்யலாமா?

செய்யலாம், அவசரப்படாமல். ஆஸ்பிரினைப் பல சமயம் நிறுத்தவே வேண்டியதில்லை. குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது, இடையில் ஊசி வேண்டுமா என்பதை இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்துச் சில மாதமே ஆகியிருந்தால், கதீட்டரோடு காத்திருப்பதுகூடப் புத்திசாலித்தனம். நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள். "ஆபரேஷன் என்று தெரிந்ததும் ஒரு வாரமாக எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் டாக்டர்" என்று பெருமையோடு சொல்பவரைப் பார்த்தால் எனக்குத்தான் நெஞ்சு படபடக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன எதிர்பார்க்கலாம்?

மருத்துவமனையில் முதல் நாள், மூன்று வாய் உள்ள கதீட்டர் வழியாகச் சலைன் உள்ளே போய் வந்துகொண்டே இருக்கும். பையில் நிறம் மாறுவதைப் பார்த்தபடி குடும்பமே உட்கார்ந்திருப்பார்கள்: முதலில் சிவப்பு, பிறகு ரோஜா நிறம், மறுநாள் வெளிறிய மஞ்சள். ஒரு லிட்டர் நீரைச் சிவப்பாக்கச் சில துளி ரத்தம் போதும். நிறத்தை வைத்து இழப்பைக் கணக்கிட வேண்டாம்.

டி.யு.ஆர்.பி. என்றால் இரண்டு மூன்று நாளில் கதீட்டரை எடுப்பார்கள். முதல் தாரை எரியும். பருமனாக, வேகமாக வரும். நாலைந்து வருடமாகக் கேட்காத சத்தம் என்று சிரித்தவர்கள் உண்டு.

பிறகு ஓர் எச்சரிக்கை. பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது, சிலருக்குத் திடீரென மறுபடி ரத்தம் வரலாம். உள்ளே புண்ணின் பொருக்கு உதிர்வதால் வருவது. படுத்து ஓய்வெடுத்து நிறையத் தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கட்டி கட்டியாக வந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, குளிர்க்காய்ச்சல் கண்டாலோ உடனே மருத்துவமனை. நான்கு முதல் ஆறு வாரம் பாரம் தூக்குவது, சைக்கிள், பைக், தாம்பத்தியம் வேண்டாம். மலச்சிக்கல் கூடவே கூடாது. முக்குகிற முக்கில் பொருக்கு பெயரும்.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகியும் இரவில் மூன்று முறை எழுகிறேன். தோல்வியா?

பொறுங்கள். அடைப்பு நீங்கியதும் தாரை உடனே தேறும். அவசரமும் அடிக்கடி போவதும் தணிய மூன்று மாதம் வரை ஆகலாம்; பல வருடம் போராடிய தசை ஒரே நாளில் சாந்தமாகாது. அதற்குப் பிறகும் நின்றபாடில்லை என்றால், மூன்று நாள் குறிப்பு எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி. ஒரு நாளின் மொத்தச் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் மட்டும் சுரக்கிறது என்றால், குற்றவாளி புராஸ்டேட் அல்ல. பகலில் காலில் தங்கும் நீர், இதயத் தளர்ச்சி, கட்டுப்படாத சர்க்கரை, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் கோளாறு, இவற்றைத் தேட வேண்டும். இந்தக் குறிப்பை ஆபரேஷனுக்கு முன்பே எழுதியிருந்தால் இன்னும் நல்லது. இரவில் எழுவது மட்டுமே குறையாக உள்ளவருக்கு ஆபரேஷன் பல சமயம் ஏமாற்றமே தரும்.

திரும்ப வளருமா? இனிப் புற்றுநோய் வராதா?

எடுப்பது உள்சதையை மட்டும். உறையும் வெளிப்பகுதியும் அப்படியே இருக்கின்றன. டி.யு.ஆர்.பி.க்குப் பிறகு ஆண்டுக்கு நூறில் ஒருவர் இருவருக்கு மறு ஆபரேஷன் தேவைப்படுகிறது. காரணம் மறுபடி வளர்வது மட்டுமல்ல, தழும்பால் வழி சுருங்குவதாகவும் இருக்கலாம். நன்றாக இருந்த தாரை ஆறு மாதத்துக்குள் மறுபடி நூலாக மெலிந்தால் முதலில் தழும்பைத்தான் சந்தேகிப்போம்.

வெளிப்பகுதி மிச்சம் இருப்பதால் புற்றுநோய் வாய்ப்பும் மிச்சம் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பின் பி.எஸ்.ஏ. நன்றாக இறங்கும், அந்தப் புதிய எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, அதிலிருந்து ஏறுகிறதா என்று பாருங்கள். அனுப்பிய சதையின் பயாப்ஸி அறிக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் மறக்காதீர்கள்.

அப்பாவுக்கு 84 வயது. ஆறு மாதமாகக் கதீட்டர். "இந்த வயதில் எதற்கு ஆபரேஷன்" என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்வது?

வயது ஒரு காரணமே இல்லை. இதயமும் நுரையீரலும் எப்படி இருக்கின்றன, நடமாடுகிறாரா, நினைவு தெளிவாக இருக்கிறதா என்பவைதான் காரணம். கதீட்டர் ஒன்றும் ஆபத்தில்லாத மாற்று அல்ல. மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது, அடைப்பு, தொற்று, கல், போகிற இடமெல்லாம் காலில் கட்டிய பை. அதைச் சுமப்பவர் உறவினர் அல்ல, அப்பா.

முதலில் அவருடைய சிறுநீர்ப்பை தள்ளுகிறதா என்று யூரோடைனமிக்ஸ் செய்து பார்க்கச் சொல்லுங்கள். தள்ளுகிறது, முதுகு ஊசியை உடம்பு தாங்கும் என்றால், டி.யு.ஆர்.பி.யோ லேசரோ செய்து அவரைக் குழாயிலிருந்து விடுவிக்க முடியும். எண்பதுகளில் இருப்பவர்களுக்கு வாடிக்கையாகச் செய்கிறோம். தாங்காது என்றால் தமனி அடைப்பு முறையைக் கேட்கலாம். பையே தள்ளவில்லை என்றால், கை நடுங்காதவர் தானே நாளுக்கு நாலைந்து முறை சுத்தமான சிறு கதீட்டரைச் செருகி எடுத்துவிடலாம். முடியாதவருக்கு அடிவயிற்றுத் தோல் வழியாக வைக்கும் குழாய், ஆணுறுப்பு வழியே போவதைவிடச் சௌகரியம்.

இதையெல்லாம் அவர் முன்னிலையிலேயே பேசுங்கள். போன மாதம் இப்படி ஒரு மகன் அரை மணி நேரம் என்னிடம் வாதாடிக்கொண்டிருந்தார். மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இந்தப் பை இல்லாமல் பேத்தி கல்யாணத்துக்குப் போய் உட்கார முடியுமா?" தேதியைக் கேட்டேன். இரண்டரை மாதம் இருந்தது. பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தேன்.